உடல் என்னும் அமானிதம்

கூலி ஒப்பந்தத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘இஜாரா’ என்றழைக்கின்றன. அதில் விலைபேசப்படுவது உழைப்பின் பயனே, உழைப்பவரின் உடலன்று. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். இவ்வேறுபாட்டை உணர்ந்தால், நம் மலையடிவார ஊர்களின் முன் நிற்கும் ஒரு வினாவுக்கு விடை காணலாம்: நஞ்சோடு பழகும் வேலைக்குத் தொழிலாளி தாமே இசைந்து வந்தால், முதலாளியின் பொறுப்பு நீங்கிவிடுமா?

பண்ணைப்புரமும் உத்தமபாளையமும் அடங்கிய கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆணும் பெண்ணும் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஏலச்செடியைத் தாக்கும் இலைப்பேனுக்கு நெடுங்காலம் தெளிக்கப்பட்டு வந்தவற்றுள் குயினால்பாஸ் ஒன்று. மருந்து என்கிறோம், உண்மையில் அது நரம்பைத் தாக்கும் நஞ்சு. தசைக்கு ஆணையிட நரம்பு அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது. பணி முடிந்ததும் அதனைச் சிதைக்க ஒரு நொதி உண்டு. நஞ்சு அந்நொதியை முடக்குகிறது. ஆணை ஓயாமையால் வியர்வையும் உமிழ்நீரும் பெருகும்; கண்மணி சுருங்கும்; தசை துடிக்கும்; மிகுந்தால் மூச்சே நின்றுவிடும்.

இத்தகைய நஞ்சுகளைக் கரைத்து வைக்கும் சைலீன் போன்ற கரைப்பான்களும் தீங்கற்றவை அல்ல. கொழுப்பில் எளிதில் கலக்கும் அவை, கொழுப்பு மிகுந்த மூளையையும் நரம்பையும் நாடிச் செல்கின்றன. அன்றைக்குத் தலைவலி, கிறுகிறுப்பு. ஆண்டுக்கணக்கில் கரைப்பான்களைச் சுவாசித்த பெயிண்டர்களிடம் மறதியும் சிடுசிடுப்பும் வளர்வதை 1970களில் ஸ்காண்டிநேவிய மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர்.

“விரும்பித்தானே வந்தார்?” என்பர் சிலர். தமக்கு உரிமையில்லாத ஒன்றை எவரும் விற்க இயலாது. மேலும், அறியாமல் தந்த இசைவு இசைவாகாது. சரக்கின் குறையை மறைத்து விற்பது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. வேலையின் குறையை மறைத்து ஆளமர்த்துவது மட்டும் எவ்வாறு ஆகுமானதாகும்? “எல்லாம் விதி” என்பாரும் உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

நமக்கு அண்மையிலுள்ள கொடைக்கானலைப் பாருங்கள். அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசத்தோடு பழகியவர்களின் முறையீடு, 2001இல் ஆலை மூடப்பட்ட பின்னும் ஓயவில்லை. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் ஏற்பட்டது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்). உடலின் ஹக்கோ 15 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது!

தோட்டமும் ஏல வியாபாரமும் உடையோர் நம் சமுதாயத்திலும் உளர். தெளிக்கும் நஞ்சின் பெயரையும் கேட்டையும் புரியும் மொழியில் சொல்லுதல், கையுறையும் முகக்காப்பும் அளித்தல், கழுவ நீரும் சோப்பும் வைத்தல், தெளித்த ஈரம் காயுமுன் காய் பறிக்க அனுப்பாதிருத்தல் ஆகியன அவர்கள்மீது கடமை. செலவாகுமே எனலாம். அச்செலவும் கூலியைப் போன்றதொரு கடனே, தருமமன்று.

நம் வீட்டு நெய்ச்சோற்றில் ஏலம் மணக்கும்போது, அது எவருடைய நரம்பையும் விலையாகக் கொள்ளாமல் வந்ததா என்று கேட்பதும் ஹலாலைத் தேடுவதில் அடங்கும். வல்ல நாயன் அந்நாட்டத்தை நமக்கு நல்குவானாக!