மேசைமேல் மாண்டவர்கள்

ஈராண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில், வேடசந்தூரில் நம் ஆலயத்துக் குடிலைப் பார்வையிடச் சென்றோம். செம்மண்ணும் வைக்கோலும் கொண்டு பீடச் சிறுவர்கள் எழுப்பியிருந்த குன்றின் உச்சியில், பச்சை நிற பிளாஸ்டிக் படைவீரர் பன்னிருவர் வரிசையாக நின்றனர். அவர்களுடைய துப்பாக்கிக் குழல்கள் தீவனத் தொட்டியை நோக்கி நீண்டிருந்தன. சற்றுக் கடுமையாகவே அவற்றை எடுத்துவிடச் சொன்னோம். எடுத்துக்கொண்டே ஒரு சிறுவன் கேட்டான்: "ஏரோதுகிட்ட பட்டாளம் இருந்துச்சுல்ல, சாமி?"

நமக்கு உடனே விடை சொல்ல வாய் எழவில்லை. டிசம்பர் 28-ஆம் நாள் மாசற்ற குழந்தைகளின் விழாவைத் திருச்சபை ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. அக்குழந்தைகளைக் கொன்றது ஏரோதின் ஆட்களே. ஆயினும் குடிலில் நாம் இடையரை வைக்கிறோம், ஞானியரை வைக்கிறோம், ஆட்டுக்குட்டியை வைக்கிறோம், வாளேந்தியவனை வைப்பதில்லை. சிறுவனின் கேள்வி நியாயமானதாகவே பட்டது.

அன்று மாலை அவனுடைய தாய்மாமன் நம்மைத் தேடி வந்தார். அயல்நாட்டில் பொறியாளராகப் பணிபுரியும் இளைஞர். விடுமுறையில் ஊர் வந்திருந்தார். "பையனுக்கு அந்தப் பைத்தியம் என்னால வந்தது, சாமி. என் பட்டாளத்தையும் ஒரு தடவை வந்து பாருங்க" என்று அழைத்தார். சென்றோம்.

அவர் வீட்டு மாடியில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பச்சைத் துணி விரித்து, அதன்மேல் ஒரு கடற்கரையையே அமைத்திருந்தார். தென்னை நாரால் செய்த மரங்கள். அட்டையால் செய்த வீடுகள். அவற்றினூடே இருநூறுக்கும் மேற்பட்ட சிறு வீரர்கள். ஒவ்வொருவரும் 28 மில்லிமீட்டர் உயரம். நம் கட்டைவிரலின் மேற்கணு அளவே இருப்பர். வெள்ளை உலோகத்தில் வார்த்தவற்றை வாங்கி, அரம் கொண்டு பிசிறு நீக்கி, அடிப்பூச்சுப் பூசி, மெல்லிய தூரிகையால் காக்கி உடையும் தோல்வாரும் கண்ணும் தீட்டியிருந்தார். காலடியில் பசை தடவி, குடகனாற்று மணலைத் தூவியிருந்தார். ஒரு வீரனுக்கு ஒரு மணி நேரமாகுமாம். அந்தப் பொறுமையை நாம் வியந்தோம்.

இப்பொழுதுபோக்குக்கு நெடிய வரலாறு உண்டு. 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடமும் பகடையும் கொண்ட போர் விளையாட்டொன்றை வகுத்தளித்தார். அது படை அதிகாரிகளின் பயிற்சிக்குப் பயன்பட்டது. 1893-இல் லண்டனில் பிரிட்டன் என்னும் குடும்ப நிறுவனம், உள்ளே வெற்றிடம் விட்டு ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டது. பொம்மைப் படைகள் மலிந்து நடுத்தரக் குடும்பங்களுக்கும் வந்தன. 1913-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இவ்விளையாட்டுக்கு விதிநூலே எழுதினார். 1979-இல் லாரி பிராம் என்னும் அமெரிக்கர், குடியேற்றக் காலத்துப் போர்களுக்கெனத் தனி விதிநூல் வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவின் ஸூலுப் போர், சூடானின் மாஹ்தியப் போர், கிழக்கு ஆப்பிரிக்கப் போர் ஆகியன இன்றும் பல நாடுகளில் மேசைமேல் ஆடப்படுகின்றன. நமக்கும் இது முற்றிலும் அயலானதன்று. சதுரங்கம் என்னும் சொல்லே தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிப்பதுதான்.

அந்த மேசையில் விரிந்திருந்தது டாங்காத் துறைமுகம். இன்றைய தான்சானியா நாட்டில் உள்ளது. 1914 நவம்பரில் அங்கே பிரித்தானியரும் ஜெர்மானியரும் மோதினர். இளைஞர் நம்மை ஜெர்மானியத் தளபதி லெட்டோ ஃபோர்பெக்கின் இடத்தில் அமர்த்தி, விதிகளை விளக்கினார். அளவுநாடாவால் அளந்து படையை நகர்த்த வேண்டும். பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் எதிரில் ஒரு வீரன் சாவான். அவனை எடுத்து ஓரமாகக் கிடத்த வேண்டும். சிறு வயதில் தாயம் ஆடிய கை நமக்கு. தயக்கம் அரை நாழிகைகூட நிற்கவில்லை. நான்கு பகடைகளை உருட்டினோம். மூன்றில் ஆறு விழுந்தது. நாம் கைதட்டிச் சிரித்தோம்.

மூவரைக் கிடத்தியபோது, "இது எந்தப் படை, தம்பி?" என்று கேட்டோம்.

"63-ஆவது பாளையங்கோட்டைப் படை, சாமி. நம்ம ஆளுங்கதான். இவங்களுக்குத் துணிவு எண் ரெண்டுதான், சீக்கிரம் ஓடிருவாங்க."

கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் திருப்பலியில் இறந்தோரை நினைவுகூர்ந்து வேண்டிய நாம், சற்றுமுன் சாவுக்குக் கைதட்டினோம். அவர்கள் யாரென்று அறியாதபோது மகிழ்ந்தோம். 'நம்மவர்' என்று அறிந்த பின்னரே மனம் துணுக்குற்றது. நம்மவராக இல்லாதிருந்தால் துணுக்குற்றிருக்க மாட்டோம் என்பதே இதில் இன்னும் வெட்கத்துக்குரியது.

அப்படியானால் விளையாட்டே பாவமா? திருச்சபையின் மறைவல்லுநர் அவ்வாறு கூறவில்லை. புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில், உடலுக்கு ஓய்வு வேண்டுவதுபோல் உள்ளத்துக்கும் வேண்டும் என்று நிறுவுகிறார். எந்நேரமும் நாணேற்றி வைத்த வில் ஒடிந்துபோம் என்னும் பழந்துறவியர் கதையை அதற்குச் சான்றாகக் கொள்கிறார். அளவோடு விளையாடுவதை அவர் நற்பண்பாகவே மதிக்கிறார். தீங்கானவற்றில் இன்பம் தேடலாகாது என்னும் வரம்பையும் அங்கேயே வகுக்கிறார். வெல்ஸும் ஒருவகையில் இளைஞரின் பக்கமே நிற்பார். உண்மைப் போரின் மூடத்தனத்துக்கு மேசைப் போரே மாற்று என்பது அவர் நூலின் கருத்து. ஆனால் அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே உலகப் போர் மூண்டது.

எதிர்ச்சான்றும் உண்டு. வின்ஸ்டன் சர்ச்சில் சிறுவனாக ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பொம்மை வீரர்களை வைத்திருந்தார்; அவையே தம் வாழ்வைப் படைத்துறையின் பக்கம் திருப்பின என்று பின்னாளில் அவரே எழுதினார். 1898 செப்டம்பர் 2-ஆம் நாள் சூடானின் ஓம்துர்மானில் நடந்த போரில் குதிரைப்படையோடு பாய்ந்தோருள் அவரும் ஒருவர். அன்று காலைப்பொழுதுக்குள் மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கிகளின் முன் ஏறத்தாழ பத்தாயிரம் சூடானியர் மாண்டனர். எதிர்த்தரப்பில் மாண்டோர் ஐம்பதின்மருக்கும் குறைவு.

நம் திண்டுக்கல் கோட்டையை ஒருகாலத்தில் ஆண்ட திப்பு சுல்தானிடமும் ஒரு போர்ப் பொம்மை இருந்தது. ஐரோப்பியப் படைவீரன் ஒருவனை மரப்புலி கடித்துக் குதறும்; கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், வீரன் ஓலமிடுவான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அது லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இன்றும் அங்குள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்பு லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட காலத்தில், ஆங்கிலேயப் பொதுமக்களே கைப்பிடியைச் சுழற்றி, தம் இனத்தானின் சாவொலியைக் கேட்டுக் களித்தனர். சாவு கைக்கடக்கமாகச் சிறுத்துவிட்டால், சாவது யார் என்பது மறந்துபோகிறது. புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' ஆறாம் பாகத்தில் நண்பர் அலிப்பியுஸைப் பற்றிச் சொல்வதும் இதுவே. வாட்போர் அரங்குக்கு இழுத்துச் செல்லப்பட்ட அவர் கண்களை இறுக மூடியிருந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தபோது ஒருகணம் திறந்தார். பின்னர் மூட அவரால் இயலவில்லை.

அன்றிரவு, இளைஞர் தந்த நூல்களைப் படித்தோம். சென்னை மாகாணத்து வீரர்களைக் கொண்ட அப்பாளையங்கோட்டைப் படை, வேறு பல இந்தியப் படைகளுடன் கப்பல்களில் நெருக்கி ஏற்றப்பட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் கடலில் அலைக்கழிந்து டாங்காவை அடைந்தது. எண்ணாயிரம் பேர் வந்திருந்தனர். எதிர்த்து நின்றோர் ஏறத்தாழ ஆயிரவரே. தாக்குதல் வரப்போவதைப் பிரித்தானியக் கடற்படையே எதிரிக்கு முன்னறிவித்துவிட்டது. நிலத்தை முறையாக உளவு பார்க்கவும் தளபதி எய்ட்கன் முனையவில்லை. ஓய்வின்றிப் போருக்குள் தள்ளப்பட்டோர்மேல் தோட்டாக்கள் பாய்ந்தன. கலைந்த கூடுகளிலிருந்து தேனீக்களும் பாய்ந்தன. பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது உண்மையே. பிரித்தானியர் தரப்பில் மாண்டோர் முந்நூற்றைத் தாண்டினர். எஞ்சியோர் நவம்பர் 5-ஆம் நாள் மீண்டும் கப்பலேறினர். தோல்விக்குப் பின் அதிகாரிகள் பலர் எழுதிய கணக்கில், பழியின் பெரும்பங்கு இந்திய வீரர்மேல் விழுந்தது. 'துணிவு எண் இரண்டு' என்பது அப்பழியின் எச்சம். ஒரு நூற்றாண்டு கடந்து மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எதிரே சுட்டவர்களும் ஜெர்மானியர் மட்டுமல்லர். பெரும்பாலோர் 'அஸ்காரி' எனப்பட்ட ஆப்பிரிக்கர். அவர்களுக்கும் தமிழருக்கும் என்ன பகை? பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய படையினனும் ஆப்பிரிக்க அஸ்காரியும், தமக்குத் தொடர்பில்லாத ஐரோப்பியப் பேரரசர்களுக்காக ஒருவரையொருவர் கொன்றனர். மேசையில் அறவே இடம்பெறாத ஒரு கூட்டமும் உண்டு. அப்போர் நான்காண்டுகள் நீடித்தது. பிரித்தானியப் படைக்கு உணவும் குண்டும் தலைச்சுமையாகச் சுமந்த ஆப்பிரிக்கருள் மாண்டோர் தொகை ஒரு லட்சத்தை நெருங்கும். நோயும் பசியுமே அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அமைத்த குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப் போரில் மாண்ட குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படாமல் விடப்பட்டனர் என ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது.

நம் முன்னோர் இறந்த வீரனை எண்ணாக விட்டதில்லை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்களுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனின் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் தாங்கி நிற்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மாட்டுச் சண்டையில் இறந்தவனின் பெயரை இன்று நாம் படிக்க முடிகிறது. பேரரசுகளின் போரில் வீழ்ந்து, ஒரு நூற்றாண்டே கடந்த பல்லாயிரவரின் பெயர்கள் இல்லை.

ஆகவே குற்றம் பொம்மையில் இல்லை, விளையாட்டிலும் இல்லை. மேலிருந்து பார்க்கும் பார்வையில் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. மேசையின் விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பவனுக்கு அனைவரும் சிறியவர். நகர்த்தலாம், எண்ணலாம், கிடத்தலாம். தளபதிகளும் வரைபடத்தின்மேல் அவ்வாறே குனிந்தனர். எல்லாவற்றுக்கும் மேலான இறைவனோ அவ்விடத்திலேயே இருந்துவிடவில்லை. மனுவுருவேற்பின் மறைபொருள் இதுவே: படைத்தவர் படைப்பின் அளவுக்குக் குறுகி, ஏரோதின் வாள் எட்டும் தொலைவில் வைக்கோலின்மேல் கிடந்தார். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், 1223-இல் கிரேச்சோவில் தீவனத் தொட்டியும் எருதும் கழுதையும் கொண்டு அக்காட்சியை அமைத்தபோது, மக்கள் அதன்முன் முழந்தாளிட்டே நின்றனர். நம் குடிலிலும் உருவங்கள் சிறியவைதாம். ஆனால் அவை பெரியவர்களைக் குனிய வைப்பது ஆள்வதற்காக அன்று, வணங்குவதற்காக.

மறுநாள் இளைஞரிடம் இவற்றைக் கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "விட்டுறட்டுமா, சாமி?" என்று கேட்டார். விடச் சொல்ல நமக்கு மனமில்லை. அவர் அந்த மேசையை அமைத்திராவிடில், டாங்காவில் தமிழர் மாண்டதை நாம் அறிந்தே இருக்க மாட்டோம். "ஒரு வீரனைக் கிடத்தும்போது அவன் யார், எங்கிருந்து வந்தான் என்பதை உடன் ஆடுபவருக்குச் சொல்லுங்கள், தம்பி. அதைச் சொன்ன பின்னும் கைதட்ட முடிகிறதா என்று பாருங்கள்" என்றோம். சில மாதங்களுக்குப் பின் அவர் ஒரு புகைப்படம் அனுப்பினார். மேசையின் பின்விளிம்பில் தலைச்சுமையோடு நாற்பது பேர் நின்றனர். அவர்களுக்கு விதி எதுவும் எழுதவில்லை என்றும், ஆட வருவோரெல்லாம் இவர்கள் யார் என்று கேட்கிறார்கள் என்றும் குறித்திருந்தார்.

எய்ட்கனின் கப்பல்கள் டாங்காவின் முன் வந்து நின்ற நாள் 1914 நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அடுத்து வந்த கல்லறைத் திருநாளில், கல்லறைகளை மந்திரித்தபின், கல்லறை இல்லாதோருக்காகவும் வேண்டினோம்: பாளையங்கோட்டைப் படையினருக்காக, அஸ்காரிகளுக்காக, சுமை தூக்கியோருக்காக.

அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று, மாசற்ற குழந்தைகளின் விழாத் திருப்பலிக்குப் பின், அப்பச்சை வீரர்களைக் கொண்டுவரச் சொன்னோம். முன்பு நின்ற குன்றின்மேலேயே அவர்களை நிறுத்தச் செய்து, சிறுவர்களை ஒவ்வொருவராகத் தரையில் படுத்துத் தீவனத் தொட்டியின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னோம். முன்னர்க் கேள்வி கேட்ட சிறுவன் நெடுநேரம் பார்த்துவிட்டு எழுந்தான்.

"இங்கிருந்து பாத்தா அவங்க ரொம்பப் பெருசாத் தெரியுறாங்க, சாமி" என்றான்.