கணையாழியும் கடவுச்சொல்லும்

பஞ்சவடியில் இராமபிரானின் அம்பு பட்டு விழுந்த மாரீசன், சாகும் தறுவாயில் தன் குரலில் கதறவில்லை. இராமனின் குரலில் சீதையையும் இலட்சுமணனையும் கூவி அழைத்தான். அது அரக்கர் மாயை என்று இலட்சுமணன் எடுத்துச் சொன்னான், அன்னை கேட்கவில்லை. அன்பு பதறும் வேளையில் ஆராய்ச்சிக்கு இடமிருப்பதில்லை. கடுஞ்சொல் தாங்காமல் இலட்சுமணன் அகன்ற பின், பர்ணசாலையின் வாசலில் ஒரு துறவி வந்து நின்றார். அதிதியை உபசரிப்பது தர்மம் என்று அன்னை அவரை வரவேற்றார். வந்தவன் இராவணன்.

இந்த இரு நிகழ்ச்சிகளிலும் தூண்டிலில் இரையாக வைக்கப்பட்டது எது என்று கவனிக்க வேண்டும். முதலாவதில் கணவர் மீது கொண்ட அன்பு, இரண்டாவதில் விருந்தோம்பல். 'பொன்மானை விரும்பியது ஆசைதானே?' என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் மானின் மீது எழுந்த ஆசை இராமனை ஆசிரமத்திலிருந்து அகற்றியதோடு நின்றுவிட்டது. அன்னையைக் கவர்ந்து செல்ல வழிவகுத்தவை அவரிடமிருந்த நற்குணங்களே.

இன்று ஒருவர் குரலைப் போலி செய்ய மாரீசனின் மாயாசக்தி தேவையில்லை. அவர் பேசிய சில வினாடிப் பதிவு கிடைத்தால் போதும். அவர் ஒருபோதும் பேசாத சொற்களை அவரது குரலிலேயே கணினி பேசிக் காட்டிவிடும். துறவி வேடத்திற்கு ஒப்பாக இன்று காவல்துறைச் சீருடையும் நீதிமன்ற முத்திரையும் வங்கியின் சின்னமும் பயன்படுகின்றன. 2024ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டு மக்கள் இணையவழி மோசடிகளில் 22,845 கோடி ரூபாய் இழந்ததாக மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு இழந்தது 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு!

இத்தகைய செய்திகளைப் படித்ததும் நம்மில் பலரிடமிருந்து இரண்டு வாக்கியங்கள் தாமாகவே வெளிப்படுகின்றன. 'பேராசைப்பட்டார்கள், இழந்தார்கள்' என்பது ஒன்று. 'இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார்?' என்பது மற்றொன்று. இரண்டுமே தர்ம விசாரணைக்கு உட்படுத்த வேண்டியவை.

பேராசையால் இழந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஒரே மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்ற சொல்லை நம்பியவர்கள் எக்காலத்திலும் உண்டு. ஆனால் அண்மை ஆண்டுகளில் 'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் நடந்தவற்றைப் பாருங்கள். வீடியோ அழைப்பில் ஒருவர் காவல் அதிகாரியாகத் தோன்றுகிறார். உங்கள் ஆதார் எண்ணைப் பயன்படுத்தி யாரோ கறுப்புப் பணம் மாற்றியிருக்கிறார்கள், விசாரணை முடியும்வரை கேமராவின் முன்னிருந்து நகரக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது என்கிறார். இதில் பேராசை எங்கே இருக்கிறது? வாழ்நாளில் ஒருமுறைகூடக் காவல் நிலையப் படியேறாதவரே இதில் எளிதில் சிக்குகிறார். சட்டத்தை அவர் மதிக்கிறார். அந்த மதிப்பே அவர் கழுத்தில் கயிறாகிறது. சட்டத்தை ஏய்த்துப் பழகியவர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அழைப்பைத் துண்டித்திருப்பார். டிஜிட்டல் கைது என்ற ஒன்று இந்தியச் சட்டத்திலேயே இல்லை என்பதை 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் விளக்க வேண்டியிருந்தது.

படிப்பைப் பற்றிய வாக்கியமும் நிற்பதில்லை. 2024 ஆகஸ்டில் பஞ்சாபின் லூதியானாவைச் சேர்ந்த 82 வயதுத் தொழிலதிபர் ஒருவர், பெரும் நூற்பாலைக் குழுமம் ஒன்றின் தலைவர், 7 கோடி ரூபாய் இழந்தார். அவருக்காக ஒரு போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே திரையில் நடத்திக் காட்டினார்கள். தலைமை நீதிபதியாகவும் ஒருவர் நடித்தார். பல்லாண்டு நிர்வாக அனுபவம் அவரைக் காப்பாற்றவில்லை. அச்சம் வரும்போது புத்தி வேலை செய்வதில்லை என்பது அனைவரும் அறிந்ததே. ஆயினும் 'எனக்கு நேராது' என்ற நம்பிக்கையை இழக்க மனம் ஒப்புவதில்லை. பாதிக்கப்பட்டவரை மூடர் என்று சொல்லும்போது, நாம் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். இந்த மலிவான ஆறுதலின் விலையைக் கொடுப்பவர் அடுத்த அறையில் வாய்திறவாமல் அமர்ந்திருக்கும் முதியவர்.

அப்படியானால் ஏமாந்தவருக்குப் பொறுப்பே இல்லையா? இங்குப் பிழை வேறு, குற்றம் வேறு என்று பிரித்தறிய வேண்டும். பாரத ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று இவ்விஷயத்தில் சுவையானது. வங்கியின் மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாமல் வேறெங்கோ நேர்ந்த ஓட்டையால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் வாடிக்கையாளர் தெரிவித்தால் அவருக்கு இழப்பு இல்லை என்றது. கடவுச்சொல்லையோ ரகசிய எண்ணையோ அவரே பகிர்ந்திருந்தால், தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது என்றது. தெரிவித்தல் என்ற ஒரு செயல் பொறுப்பை ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாற்றுகிறது. பணக்கணக்கில் இது நியாயமான பங்கீடு. இதையே மனச்சாட்சியின் கணக்காகவும் கொள்வதில்தான் தவறு நேர்கிறது. எண்ணைச் சொன்னது கவனப்பிழை; அதற்குரிய இழப்பை அவர் ஏற்கத்தான் வேண்டும். வஞ்சித்தது பாவம், அதில் அவருக்குப் பங்கில்லை. வீட்டின் பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பெற்றோரை ஏசும்போது, திருடனுக்குரிய தண்டனையைப் பறிகொடுத்தவருக்கு வழங்குகிறார்கள்.

ஏச்சுக்கு அஞ்சி ஏமாந்தவர் மௌனமாகிறார். உண்மையான கேடு இங்கேதான் தொடங்குகிறது. பறிபோன பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. சில நிமிடங்களில் ஐந்தாறு கணக்குகளுக்குப் பிரிந்து, அங்கிருந்து வேறு கணக்குகளுக்கும் நாணயமாற்று வழிகளுக்கும் ஓடிவிடுகிறது. 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்தால் வங்கிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பி, ஓடும் பணத்தை எங்காவது நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பு தேய்கிறது. லூதியானா முதியவர் மௌனம் காக்கவில்லை. காவல்துறையிடம் சென்றார், பின்னர் ஊரறியவும் பேசினார். இழந்ததில் 5 கோடிக்கும் மேல் மீண்டது. 2025இல் அரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர் தாங்கள் ஒரு கோடிக்கும் மேல் இழந்த விதத்தை உச்ச நீதிமன்றத்திற்குக் கடிதமாக எழுதினார்கள். அந்தக் கடிதத்திலிருந்தே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, அவ்வாண்டு டிசம்பரில் இத்தகைய மோசடிகளை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க ஆணையிட்டது. இரண்டு முதியவர்கள் வெட்கத்தை விலக்கி எழுதிய ஒரு கடிதம்!

பணம் போகாமல் கணக்கு மட்டும் பறிபோகும்போது மௌனம் இன்னும் கொடியது. நண்பர் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: 'தவறுதலாக உங்கள் தொலைபேசிக்கு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அனுப்புங்கள்' என்று. நண்பர்தானே என்று அனுப்பியதும், அனுப்பியவரின் வாட்ஸ்அப் வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. அடுத்த நிமிடம் அவர் பெயரில், அவர் படத்துடன், 'மருத்துவமனையில் இருக்கிறேன், அவசரமாக 20,000 ரூபாய் வேண்டும்' என்று அவருடைய உறவினர் அனைவருக்கும் செய்தி பறக்கிறது. இப்போது அவர் ஏமாந்தவர் மட்டுமல்லர். அவருடைய நற்பெயர் பிறரைத் துளைக்கும் ஆயுதமாகிவிட்டது. அவர் செய்ய வேண்டியது எளிது. தம் எண்ணை மீண்டும் பதிவு செய்து, புதிதாக வரும் எண்ணை இட்டால், அன்னியர் வெளியேற்றப்படுவார். ஆனால் அதற்கும் முன்பாக, கிடைத்த தொலைபேசியில் பத்துப் பேரை அழைத்து, 'அது நானல்ல' என்று சொல்ல வேண்டும். சத்தியம் என்பது பொய் பேசாதிருப்பது மட்டும்தானா, தன் பெயரில் பேசப்படும் பொய்யை மறுப்பதும் அதில் அடங்குமா? அடங்கும் என்றே தோன்றுகிறது.

இங்கு ஆன்மிக அன்பர்களிடையே அவ்வப்போது கேட்கும் ஒரு வாதத்தையும் பார்க்க வேண்டும். 'நாம் உடலல்ல, பெயருமல்ல. நாமரூபங்கள் மாயை. எண்ணையும் படத்தையும் எவனோ எடுத்துக்கொண்டால் ஆத்மாவுக்கு என்ன நஷ்டம்?' வேதாந்தத்தைச் சோம்பலுக்குத் துணையாக்குவது புதிதல்ல. பாகவதத்தில் பௌண்டரகன் என்றொரு மன்னன் வருகிறான். சங்கும் சக்கரமும் பூண்டு, 'நானே உண்மையான வாசுதேவன். நீ என் சின்னங்களைக் கைவிடு' என்று கண்ணனுக்கே தூது அனுப்பினான். அவையினர் சிரித்தார்கள். கண்ணனும் பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடவில்லை. புறப்பட்டுச் சென்று அந்தப் போலியை முடித்துவைத்தான். ஆத்மாவுக்குப் பெயரில்லை என்பது உண்மை. ஆனால் உலகில் உலவும் பெயரை நம்பி நாலு பேர் இருக்கிறார்கள். தாய்க்கு மகனின் குரல், சிறு வியாபாரிக்கு வாடிக்கையாளரின் கையொப்பம், கிராமத்து மூதாட்டிக்குத் தன் கைவிரல் ரேகை: இவற்றின்மேல்தான் அவர்கள் வாழ்க்கை நிற்கிறது. 2018இல் தெலங்கானாவில், நிலப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை இணையத்திலிருந்து எடுத்து ஒருவர் போலி விரல்களே செய்த செய்தி வெளியாயிற்று. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், விரலை எப்படி மாற்றுவது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2009 முதல் நடைமுறைக்கு வந்த 66சி, 66டி பிரிவுகள், அடையாளத் திருட்டுக்கும் ஆள்மாறாட்ட வஞ்சனைக்கும் மூன்றாண்டு வரை சிறை என்கின்றன.

'கர்ம பலன் அவனைப் பார்த்துக்கொள்ளும், நான் மன்னித்துவிட்டேன்' என்று சொல்பவர்களும் உண்டு. மன்னிப்பு உயர்ந்ததுதான். ஆனால் ஒருவர் தமக்கு நேர்ந்ததை மட்டுமே மன்னிக்க முடியும். நாளை வஞ்சிக்கப்படப் போகும் விதவையின் சார்பில் மன்னிக்க அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? புகார் எழுதிக் கொடுத்த பின்னும் மனத்தில் பகையில்லாமல் இருக்க முடியும்.

பகையில்லாமல் இருப்பதற்குக் காரணங்களும் இல்லாமல் இல்லை. மியான்மரிலும் கம்போடியாவிலும் முள்வேலி சூழ்ந்த வளாகங்களிலிருந்து பேசும் குரல்களில் பல, வேலை தருவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டுச் சிறைப்பட்டவர்களுடையவை. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இவ்வாறு கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் 549 இந்தியர்களை அங்கிருந்து மீட்டு வந்தன. வஞ்சித்தவனே வஞ்சிக்கப்பட்டவன்! எல்லோரும் அப்படியல்லர். ஜார்க்கண்டின் ஜாம்தாரா மாவட்டம் தொலைபேசி மோசடிக்கே பெயர் பெற்றுவிட்டது. அந்த மாவட்டத்தில் கர்மாடாங் என்றோர் ஊர் உண்டு. ஈஸ்வர சந்திர வித்யாசாகர் கல்கத்தாவை விட்டு வந்து, தம் இறுதிக் காலத்தின் பல ஆண்டுகளைச் சந்தால் மக்களிடையே கழித்த இடம் அது. அவர்களுக்குக் கல்வி தந்தார். ஓமியோபதி மருந்து கொடுத்தார். அவ்வூர் ரயில் நிலையத்திற்கு இன்றும் வித்யாசாகர் என்றே பெயர். அங்கே இறங்கிய காவல்துறைக் குழுக்கள் எத்தனை மாநிலங்களிலிருந்து வந்தவை! ஒரு மாமனிதரின் கருணை விழுந்த மண்ணில் சில இளைஞர்கள் கைபேசியைக் கொண்டு வேறு பயிர் வளர்த்தார்கள். அவர்களுக்குத் தம் வங்கிக் கணக்கைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாடகை விடும் மாணவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். 'நான் யாரையும் ஏமாற்றவில்லையே' என்கிறான் அந்த மாணவன். திருடனுக்குத் திண்ணை கொடுத்தவன் சொல்வதும் அதுவே.

ஏமாந்த பிறகு எப்படி வாழ்வது என்ற கேள்வி மிஞ்சுகிறது. பலர் எதிர்த்திசையில் ஓடுகிறார்கள்: எந்த அழைப்பையும் எடுப்பதில்லை, உண்மையாகவே உதவி கேட்கும் உறவினரைக்கூட விரட்டுகிறார்கள். ஆராயாமல் நம்புவது, ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவது ஆகிய இரண்டையுமே திருவள்ளுவர் தீராத துன்பத்தில் சேர்க்கிறார். இவற்றுக்கு இடையில் ஒரு வழி இருக்கிறதா என்பதற்கு அசோக வனத்தைப் பார்க்க வேண்டும்.

இருமுறை ஏமாற்றப்பட்ட அன்னையின் முன் அனுமன் வந்து நிற்கிறான். அவனும் ஒரு வேடமோ, இராவணனே மீண்டும் வந்தானோ என்று அன்னை ஐயுறுகிறார். ஆனால் அவனை விரட்டவில்லை. கேட்கிறார். இராமனின் அங்க அடையாளங்கள் யாவை, இலட்சுமணன் எப்படி இருப்பான், மனிதருக்கும் வானரருக்கும் நட்பு எப்படி உண்டாயிற்று என்று கேட்கிறார். இன்று பாட்டியிடம் பணம் கேட்டுப் பேரனின் குரலில் அழைப்பு வந்தால், அவரும் இதைச் செய்யலாம்: 'சிறுவயதில் நீ பயந்த நாயின் பெயர் என்ன?' என்று கேட்கலாம். அல்லது அழைப்பைத் துண்டித்து, தம்மிடமுள்ள பழைய எண்ணுக்குத் தாமே அழைக்கலாம். போலி அதிகாரி இதற்குத்தான் அஞ்சுகிறான். ஆகவேதான் துண்டிக்காதே, யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டுகிறான்.

அனுமன் மிரட்டவில்லை. நூறு யோசனை கடல் தாண்டி வந்த களைப்பு, சுற்றிலும் அரக்கியர், விடிவதற்குச் சிறிது நேரமே பாக்கி. என்னையா சந்தேகிக்கிறீர்கள் என்று அவன் முகம் சுளித்திருக்கலாம். அவனோ இருகரம் கூப்பி நின்று, தன் தலைவனின் அடையாளங்களை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னான். நடந்தவை அனைத்தையும் சொன்னான். கேட்கக் கேட்க அன்னையின் முகம் தெளிந்தது. அதன் பின்புதான் அவன் கணையாழியை நீட்டினான்.