நோயாளியிடம் மறைக்கலாமோ?

திண்டுக்கல்-அம்பிளிக்கை புற்றுநோய்ப் பதிவேடு 2003 முதல் 2006 வரை தொகுத்த கணக்கில், அம்மாவட்ட ஆடவரிடையே முதலிடம் பெற்றது இரைப்பைப் புற்றுநோய். ஆகவே இவ்வட்டாரக் குடும்பங்களில் எழக்கூடிய வினா ஒன்றை ஈண்டு ஆராய்வோம். திசுச் சோதனையின் முடிவு மகன் கைக்கு வருகிறது, தந்தையிடம் சொல்லலாமா?

வருத்தாமையே அஹிம்சை, ஆகவே மறைப்பதே நன்று என்பர் சிலர். அச்சோதனை எதனைத்தான் சொல்கிறது? ஹெர்-2 என்னும் புரதத்தை எடுத்துக்கொள்வோம். முற்றிய நோயுடையோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் இது மிகுந்து காணப்படும். அத்தகையோர்க்குக் கீமோதெரபியுடன் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தையும் சேர்த்தபோது, இடைநிலை வாழ்நாள் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமாயிற்று என 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. இடைநிலை என்றால், பாதிப்பேர் அதனினும் கூடுதலாக வாழ்ந்தனர் என்பதே பொருள். எவர் அப்பாதியில் சேர்வார் என்று எந்தப் புரதமும் உரைக்காது. 'ஒருவகையில் உண்டு' என்னும் சியாத்வாதம் பயின்ற நமக்கு இது புதிதன்று. (மாதக் கணக்கைத் தீர்ப்பாகவே கூறிவிடும் உறவினர் செய்யும் துன்பம் தனி.)

ஆயினும் மறைத்தலில் வேறொரு தீங்கு உண்டு. விலைமிகுந்த மருந்தை ஏற்பதா, அதற்காக நிலத்தை விற்பதா, சல்லேகனை பற்றிச் சிந்திப்பதா? உண்மை அறியாதவரால் இவற்றுள் எதனையும் தாமே முடிவு செய்ய இயலாது. "எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள், அப்பா?" என்று முதலில் அவரையே கேட்டல் வேண்டும் என்பது நம் கருத்து. ஒன்றும் வேண்டாம் என்பாராயின், அதுவும் அவர் முடிவே. மருந்தைப் பற்றி மட்டும் பேசலாம்.