யாருடைய கழுத்தில் கற்பது?

தீவிர சிகிச்சைப் பிரிவிலே, பிரக்ஞை இழந்து, வென்டிலேட்டரின் துணையால் பிராணனைத் தாங்கிக் கிடக்கும் ஒருவரின் கழுத்தில், கைதேர்ந்த நிபுணர் அருகிலேயே இருக்கும்போது, மூச்சுக்குழலில் துவாரமிட்டுச் சுவாசக் குழாய் பொருத்தும் சிகிச்சையை இதுவரை செய்தறியாத இளைய வைத்தியர் ஊசி ஏற்றுவது தர்மமாகுமா?

1985-ல் அமெரிக்க சஸ்திர வைத்தியர் பாஸ்குவாலே சியாக்லியா வெளியிட்ட முறையில், கழுத்தை அகலத் திறவாமல், மூச்சுக்குழலுக்குள் ஊசி செலுத்தி, அதன் வழியே மெல்லிய கம்பியொன்றை இறக்கி, அக்கம்பியைத் தடமாகக் கொண்டு துவாரத்தைப் படிப்படியாக விரித்து, சுவாசக் குழாயைப் பொருத்துகிறார்கள். பழகிய கையில் இது பத்திரமான சிகிச்சை. திறந்த முறையைவிடக் காயத்தில் சீழ் பிடிப்பதும் குறைவு. பழகாத கையிலோ ஊசி மூச்சுக்குழலின் பின்சுவரைத் துளைக்கலாம். குழாய் வழி தவறித் திசுக்களுக்குள் புகுந்துவிடலாம். 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இம்முறையைக் கற்கத் தொடங்கியபோது சிகிச்சை பெற்ற முதல் 20 நோயாளிகளிடையே சிக்கல்கள் மிகுந்திருந்ததைக் கண்டது. மொத்தக் கணக்கின் சராசரி அவர்களை மறைத்துவிடுகிறது.

மாணாக்கன் முதலில் சுரைக்காயிலும் பூசணியிலும் வெட்டிப் பழக வேண்டுமென்று சுசுருத சம்ஹிதை விதித்தது. இன்று அவ்விடத்தில் பிளாஸ்டிக் கழுத்துகளும் பன்றியின் மூச்சுக்குழலும் இருக்கின்றன. எத்தனை பழகினாலும், கடைசியில் மனிதரில் ஒருவர் முதலாமவராக இருக்க நேர்கிறது.

இன்று நிபுணரின் கையால் பிழைப்பவர், அந்தக் கை தேர்வதற்கு முன் அதன் கீழ்க் கிடந்தவர்களுக்குக் கடன்பட்டவரே. ஆகையால் தம் பங்குக்கு அவரும் சிறிது அபாயத்தை ஏற்பதுதானே நியாயம் என்பார்கள். சமூகம் முழுவதையும் நோக்கினால் இவ்வாதம் சரியே. ஆனால் கடனை மனமுவந்து தீர்ப்பதும், நினைவற்றவரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்வதும் ஒன்றாகுமா? கேளாமல் எடுத்துக்கொண்டதைத் தானமென்று போற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

மூத்தவர் அருகில் நின்று, மூச்சுக்குழலின் உட்புறத்தைக் காட்டும் பிராங்கோஸ்கோப் வழியே ஊசிமுனை உள்ளே தோன்றுவதைப் பார்த்திருந்தால் அபாயம் பெரிதும் குறையும். அதைச் செய்யாமல் கற்பிக்கும் ஆஸ்பத்திரிக்குச் சமாதானமே கிடையாது. செய்தாலும், ஊசி பிடிக்கப் போவது யார் என்பதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். சொன்னால் எல்லோரும் மறுத்துவிடுவார்கள், வித்தை அழிந்துபோகும் என்று அஞ்சுவோர், ஜனங்களின் உதார குணத்தைச் சோதித்துப் பாராமலே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்றே எண்ணுகிறேன். மறுப்பவர்கள் மறுக்கட்டும், அன்றைக்கு மூத்தவரே செய்ய வேண்டியதுதான்.