சைடு லாக்

தாம்பரம் - கடற்கரை தடத்தில் ஒரு ஸ்டேஷன். பேர் வேண்டாம். அதன் வாசலில் உள்ள டூவீலர் ஸ்டாண்டில் ஆறு வருடமாக வண்டி விடுகிறேன். பாதி இடத்துக்குத் தகரக் கூரை, மீதிக்கு வேப்பமரம். டோக்கன் மேசைக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன, ஹெல்மெட்டோ பெட்ரோலோ காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று. காசு வாங்குவது மட்டும் நிர்வாகத்தின் பொறுப்பு.

அதனால் நான் ஜாக்கிரதையான ஆள். சைடு லாக் போட்டபிறகு ஹேண்டிலை ஒருமுறை திருப்பிப் பார்ப்பேன், சில சமயம் லாக் விழாமல் சாவி மட்டும் கையோடு வந்துவிடும். ஹெல்மெட் வாரை சீட்டுக்கு அடியில் உள்ள கொக்கியில் மாட்டுவேன். முன்சக்கரத்துக்கு டிஸ்க் லாக். ஒரிஜினல் ஆர்.சி. வண்டியில் இருக்காது. இரவில் திரும்பும்போது போன் பைக்குள், சாவி கைக்குள். விளக்குக் கம்பத்துக்குக் கீழே இடம் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே ஒரு ரயில் முன்னால் வருவேன். இதெல்லாம் பலிக்கும். ஏனென்றால் திருடனுக்கு என் வண்டிமேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. எது சுலபமோ அதை எடுப்பான். அதாவது என் டிஸ்க் லாக் திருட்டைத் தடுப்பதில்லை, பக்கத்து வண்டிக்குத் தள்ளிவிடுகிறது. இதை யோசித்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தினமும் பூட்டுகிறேன். 'பொல்லாதவன்' பார்த்த தலைமுறை நாம். பைக் போனால் பைக் மட்டும் போவதில்லை என்று நமக்குத் தெரியும்.

போன கார்த்திகையில் ஒரு நாள், இரவு பத்தரை மணி இருக்கும், மழை விட்டிருந்தது. ஸ்டாண்டின் இருட்டு மூலையில் ஒரு பையன் கறுப்பு ஸ்பிளெண்டர் ஒன்றின்மேல் குனிந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டான். நடுவில் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தான். இருபது வயசுகூட இருக்காது. சிமெண்ட் படிந்த பேன்ட், ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துணிக்கடைப் பை.

"டேய், யார்ரா நீ?" என்று கத்தினேன்.

இந்த 'டேய்' எங்கிருந்து வந்தது என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். அலுவலகத்தில் நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளரைக்கூட நான் 'டா' போட்டுக் கூப்பிடுவதில்லை.

ரயிலிலிருந்து இறங்கி வந்த நான்கைந்து பேர் ஓடிவந்தார்கள். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஒருவர் அறைந்துவிட்டார். இன்னொருவர் சட்டையைப் பிடித்தார். ஸ்டாண்டுக்கார அண்ணன் டார்ச்சோடு வந்து டோக்கனை வாங்கிப் பார்த்தார். அவன் வண்டி இரண்டு தள்ளி நின்றது. அதே கறுப்பு, அதே ஸ்பிளெண்டர். இருட்டில் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

"பாத்து எடுக்கக்கூடாதா தம்பி?" என்றார் அறைந்தவர். எல்லோரும் கலைந்தார்கள். நானும்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில், சிக்னலில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. அதே ஸ்டாண்டில் அதே தப்பை நானே செய்திருக்கிறேன். இப்போதுள்ள வண்டிக்கு முன்னால் என்னிடமும் ஒரு பழைய ஸ்பிளெண்டர் இருந்தது. சாவியின் பல்லும் தேய்ந்து, லாக்கும் தேய்ந்துவிட்டால், பழைய வண்டிகளில் ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறக்கும். எனக்குத் திறந்தது. ஸ்டார்ட்டும் ஆனது. கேட்டுவரை ஓட்டிப்போன பிறகுதான் கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகன் ஸ்டிக்கர் என்னுடையது இல்லை என்று உறைத்தது. ஸ்டாண்டுக்கார அண்ணன் சிரித்தார்: "என்ன சார், ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா?" என் கழுத்தில் ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பையன் முயன்றுதான் பார்த்தான். நான் அடுத்தவன் வண்டியை ஓட்டியே போனேன். அறை அவனுக்கு, சிரிப்பு எனக்கு.

என் தொழிலில் சந்தேகம் ஒரு நல்ல குணம். 'ஜீரோ டிரஸ்ட்' என்று ஒரு கொள்கை உண்டு. 2010 வாக்கில் ஜான் கிண்டர்வாக் என்பவர் பரப்பியது. நெட்வொர்க்குக்கு உள்ளே இருக்கிறான் என்பதற்காக எவனையும் நம்பாதே, ஒவ்வொரு முறையும் சரிபார் என்பது அதன் சாரம். நான் எழுதும் நிரல்கள் இப்படித்தான் இயங்குகின்றன, இயங்கவும் வேண்டும். ஒரு சர்வரை ஆயிரம் தடவை 'நீ யார்' என்று கேட்டாலும் அதற்கு முகம் சிவக்காது. ஒரு தவறான எச்சரிக்கை என்பது எங்களுக்கு லாக் ஃபைலில் ஒரு வரி. அந்த மூலையில் அது ஒருவனின் கன்னம். இன்னொன்றும் கவனிக்கவேண்டும். ஜீரோ டிரஸ்ட் எல்லோரையும் ஒரே மாதிரிக் கேட்கும். நான் அப்படிக் கேட்கவில்லை. என்னை மாதிரி இருப்பவர்களை விட்டுவிட்டு, ரப்பர் செருப்பைப் பார்த்துக் கேட்டேன்.

குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம். ஆராயாமல் நம்புவது, நம்பியவனைச் சந்தேகிப்பது, இரண்டுமே தீராத துன்பம் என்று முடியும். ஆராயாமல் சந்தேகிப்பதைப் பற்றி அந்தக் குறளில் பேச்சில்லை. அரசனுக்குச் சொன்னது அது. இருட்டு ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஆளிடம் என்ன செய்வது என்று அரசன் யோசிக்கவேண்டிய அவசியம் வந்திருக்காது. மூன்று அதிகாரம் தள்ளி பொச்சாவாமை வருகிறது, மறதியின்மை. அங்கே விழிப்பு முழுக்க உள்நோக்கியது. மகிழ்ச்சியில் மிதந்து தன் கடமையை மறந்துவிடாதே என்கிறது. சைடு லாக்கைத் திருப்பிப் பார்ப்பது அந்த வகை விழிப்பு. அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

ஆனால் அந்தப் போர்டை என்ன செய்வது? 1998இல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டல் ஊழியரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவரின் மாருதி ஜென் காணாமல் போனது. டோக்கனில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சிட்டிருப்பதாக ஓட்டல் வாதாடியது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வண்டியைக் கைவசம் வாங்கிக்கொண்டவர் உரிய கவனம் எடுத்திருக்கவேண்டும், தன் அலட்சியத்தை அந்த வரியைக் காட்டி மறைக்கமுடியாது என்றது. தீர்ப்புக்கு இருபத்தொரு வருடம். எங்கள் ஸ்டாண்டில் சாவி நம்மிடமே இருப்பதால் சட்டக்கணக்கு வேறாக இருக்கலாம். எனக்குப் படுவது இதுதான்: காவல் காக்கவேண்டியவர் ஒரு போர்டை மாட்டி விலகிக்கொள்ளும்போது, டோக்கன் வாங்கிய ஒவ்வொருவனும் சம்பளமில்லாத காவல்காரன் ஆகிவிடுகிறான். ஒரு மூலையில் விளக்கு இல்லை என்பதற்கு நான்கைந்து பேரின் கை வேலை செய்கிறது.

இதை மனைவியிடம் பெரிய கண்டுபிடிப்புபோலச் சொன்னேன். அவள் வண்டியை விடுவது ஒரு மாலின் இரண்டாவது அடித்தளத்தில். போன் சிக்னல் இருக்காது, தூண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது.

"நீ தப்பா சந்தேகப்பட்டா அவனுக்கு ஒரு அறை. நான் தப்பா நம்பினா எனக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றாள்.

பதில் இல்லை. அவள் தூணுக்குத் தூண் பார்த்துக்கொண்டுதான் நடப்பாள், பின்னால் காலடி கேட்டால் நின்று அந்த ஆளை முன்னால் விடுவாள். அந்த ஆள் நல்லவனாக இருந்து மனசு கஷ்டப்பட்டால் படட்டும். இதில் நான் அவளுக்கு நியாயம் சொல்லமுடியாது. அவள் விலகிக்கொள்கிறாள், கத்திக் கூட்டம் சேர்ப்பதில்லை என்ற வித்தியாசத்தை மட்டும் மனசுக்குள் குறித்துக்கொண்டேன். அன்று நான் இழக்கவிருந்தது எதுவுமே இல்லை. அது என் வண்டிகூடக் கிடையாது. "தம்பி, அது உங்க வண்டியா?" என்று கேட்டிருந்தால் போதும். உண்மையான திருடனாக இருந்திருந்தாலும் அந்தக் கேள்விக்கே ஓடியிருப்பான்.

அவன் இன்னும் அங்கேதான் வண்டி விடுகிறான். இப்போது ஹேண்டிலில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறான், இருட்டிலும் அடையாளம் தெரிய. காலையில் இரண்டு மூன்று முறை எதிரெதிரே வந்திருக்கிறோம். என்னை ஞாபகம் இருக்கிறதா என்று அவன் முகத்தில் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். 'தம்பி' என்று தொடங்குவதா, 'சார்' என்று தொடங்குவதா என்பதிலேயே நின்றுவிட்டது. இப்போதெல்லாம் விளக்குக் கம்பத்தை விட்டு, வேப்பமரத்துப் பக்கம் நிறுத்துகிறேன். அவன் அந்தப் பக்கம் வருவதில்லை.