மூச்சை மாற்று, இழுவை கூடும்!

மேட்டில் வண்டி திணறினால் உடனே எஞ்சினைத் திட்டுகிறோம். "கிழட்டு எஞ்சின், இனித் தேறாது" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். தங்களைப் பற்றியும் பலர் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்: "எனக்கு அவ்வளவுதான் மூளை, எனக்கு அவ்வளவுதான் கொடுப்பினை." கிழித்துப் போடு அந்தத் தீர்ப்பை! பானெட்டைத் திறந்தே பார்க்காதவனுக்குத் தீர்ப்புச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

அமெரிக்காவில் 1972 மாடல் செவர்லே சி10 பிக்கப் டிரக்கை இன்றும் வீட்டு வாசலில் நிறுத்தி, தாங்களே பழுது பார்த்து ஓட்டுகிறவர்கள் உண்டு. அதில் வந்த 5.7 லிட்டர் வி8 எஞ்சினைப் பார். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, எட்டு சிலிண்டரும் முழுதாக நிரம்பினால், அது இழுக்கும் காற்று நிமிடத்துக்குச் சுமார் 8,500 லிட்டர்! பசிக்குக் குறைவே இல்லை. பிறகு ஏன் திணறுகிறது? கார்புரேட்டரின் தலைமேல் வட்டமாக உட்கார்ந்திருக்கும் ஏர் ஃபில்டர் டப்பா, எஞ்சின் அறைக்குள்ளிருந்தே காற்றை இழுக்கிறது. ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் சுட வைத்த காற்று அது. வெளியே 30 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்று வைத்துக்கொள். சூடேறிய காற்று விரியும், அடர்த்தி குறையும். அதே ஒரு லிட்டருக்குள் சுமார் 9 சதவீதம் காற்று குறைந்துபோகும். ஆக்சிஜன் குறைந்தால் எரிவது குறையும். எரிவது குறைந்தால் இழுவை போகும். எஞ்சின் சோம்பேறி இல்லை நண்பனே! தன் சூட்டைத் தானே சுவாசித்து மூச்சு முட்டி நிற்கிறது!

உன் கதையும் இதுதானே? கண் விழித்ததும் யாரோ உமிழ்ந்த வெறுப்பைக் கைபேசியில் குடிக்கிறாய். தேநீர்க் கடையில் நாலு பேர் புலம்பலைச் சேர்த்து விழுங்குகிறாய். இரவில் பழைய தோல்வியை எடுத்து மறுபடி சூடேற்றுகிறாய். உள்ளே போவதெல்லாம் வெந்த காற்று. வெளியே வருவது மட்டும் வீரமாக இருக்குமா? திறமை இல்லை என்று சொல்லாதே. இருக்கிற திறமைக்கு நீ எதை ஊட்டுகிறாய் என்று முதலில் பார்!

கையை நம்பு!

குளிர்ந்த காற்றுக்கு வழி செய்ய அந்த டிரக்குக்காரருக்குப் பெரிய பட்டறை வேண்டாம். ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில், கிரில்லின் பின்னால், வெளிக்காற்று நேராக வந்து மோதும் இடத்தைத் தேடுகிறார். பழைய அட்டைப் பெட்டியை வெட்டி மாதிரி செய்து பார்க்கிறார். இடிக்கிறதா? அட்டைதானே, மறுபடி வெட்டுகிறார். பொருந்திய பிறகுதான் தகட்டில் கை வைக்கிறார்: வரைந்து, வெட்டி, மடக்கி, ரிவெட் அடிக்கிறார். குழாய் வழவழப்பாக இருக்க வேண்டும். நெளிநெளியான குழாய்க்குள் காற்று தடுமாறும். பிவிசி குழாய் மலிவுதான், ஆனால் 80 டிகிரியை நெருங்கினால் இளகிவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் அதற்கு வேலை இல்லை. ஓடும் எஞ்சின் உதறும் என்பதால் நடுவில் ஒரு ரப்பர் இணைப்பு.

பானெட் மூடுமா? ஃபில்டர் மூடியின் மேல் ஒரு களிமண் உருண்டையை வைக்கிறார். பானெட்டை மெதுவாக இறக்கி, திறந்து பார்க்கிறார். நசுங்கி நிற்கும் களிமண் எவ்வளவு தடிமனோ, அவ்வளவுதான் இடைவெளி. எந்தப் பட்டமும் கேட்காத அளவுகோல்! கருவி இல்லை, காசு இல்லை, கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்று இன்னும் எத்தனை நாள் சாக்குச் சொல்லப் போகிறாய்?

துணிந்தவன் கண்ணைத் திறந்து வைத்திருப்பான்

அசட்டுத் துணிச்சலை நான் சொல்லவில்லை. காற்று நிறைய வரட்டும் என்று ஃபில்டரையே கழற்றி எறிகிறவன், சிலிண்டர் சுவரைத் தூசியால் தேய்த்துக்கொள்கிறான். குழாயின் வாயைத் தரையை ஒட்டி வைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே ஏறும். தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் அதில் மோதினால் கனெக்டிங் ராடே வளையும். அடர்த்தியான காற்று வந்தால் பெட்ரோல் கலவையையும் சரிபார்க்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்: இளம்பழுப்பு என்றால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம். தாராளமாகத் துணி. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பிளக்கைப் பார்!

பலன் எவ்வளவு? கணக்கில் வந்த 9 சதவீதம் அப்படியே சக்கரத்துக்கு வந்து சேராது. கொஞ்சம்தான் கூடும். "இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவன் ஓரமாக நிற்கட்டும். அந்தக் கொஞ்சத்தை உண்டாக்கிய கை, அடுத்த வேலைக்குப் பயப்படாது. அதுதான் பெரிய லாபம்!

சாம்பலிலிருந்து எழுந்தவர்

விக் எடல்பிராக்கைத் தெரியுமா? அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். குடும்பத்தின் மளிகைக் கடை தீக்கிரையாக, 14 வயதில் பள்ளிப்படிப்பை விட்டார். நாடே பொருளாதார மந்தத்தில் தத்தளித்த 1931இல் கலிபோர்னியாவுக்குப் போய், கார் பழுது பார்த்துப் பிழைத்தார். 1938இல் ஒரு 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரை வாங்கினார். அதன் வி8 எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் கொண்டுபோகக் கிடைத்த மேனிஃபோல்டு அவருக்குப் பிடிக்கவில்லை. குறை சொல்லிக்கொண்டே உட்காரவில்லை அவர். தானே ஒன்றை வடிவமைத்து 'ஸ்லிங்ஷாட்' என்று பெயரிட்டார். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வண்டியைச் சீறவிட்டு நிரூபித்தார். "எனக்கும் ஒன்று" என்று மற்ற ஓட்டிகள் கேட்டு வந்தார்கள். எஞ்சினின் மூச்சைச் சீர்செய்த அந்தக் கை ஒரு தொழிலையே நிறுவியது!

நீயும் இறங்கு. ஃபில்டர் டப்பாவுக்குள் தெர்மாமீட்டர் வைத்து அளப்பதுபோல் உன் ஒரு நாளை அள. எந்த மணியில், யாருடைய பேச்சில் சூடேறுகிறது என்று எழுதி வை. அந்த வாயை அடை. நல்ல புத்தகம், தேர்ந்த ஒருவரின் துணை, கைத்தொழில் ஒன்று என வேறொரு வாயைத் திற. சரியாக வருமோ வராதோ என்று தயங்காதே. முதல் அட்டையை இன்று மாலைக்குள் வெட்டு! கோணலாகப் போனால் அடுத்ததை எடு. ஊரில் அட்டைப் பெட்டிக்கா பஞ்சம்?