கண்டிச் சேமக்காலை கேட்கும் கேள்வி

கண்டி நகருக்கு அண்மையில் இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்தோரின் சேமக்காலை ஒன்றுண்டு. ஆங்கிலேயரும் இலங்கையரும் ஆபிரிக்கரும் அங்கே அருகருகே துயில்கின்றனர். கிழக்கு ஆபிரிக்க இளைஞர் நமது மலைநாட்டில் அடக்கம் பெற நேர்ந்தது ஏன்?

சர்வாதிகாரி வானத்திலிருந்து குதிப்பதில்லை. 1933 ஜனவரி 30இல் ஹிட்லரை அரசாங்கத் தலைவராக நியமித்தவர் ஜேர்மனியின் ஜனாதிபதியே. மார்ச் 23இல் பாராளுமன்றமே சட்டமியற்றும் அதிகாரத்தை அவரது அரசிடம் ஒப்படைத்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. கத்தோலிக்கரின் மத்திய கட்சியும் ஆதரித்தே வாக்களித்தது. திருச்சபையின் உரிமைகள் காக்கப்படும் என்ற வாக்குறுதியை அதன் தலைவர்கள் நம்பினர். நான்கு மாதங்களுக்குள் அக்கட்சியே இல்லாமற் போயிற்று. 1939இல் யுத்தம் மூண்டது.

கிழக்கே, இராணுவத்தினரின் கை ஓங்கிய யப்பான் ஜேர்மனியோடு சேர்ந்துகொண்டது. 1942 ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறன்று, கொழும்பில் யப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1944இல் பேராதனைப் பூந்தோட்டம் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகமாயிற்று.

அன்று கையுயர்த்திய அனைவரும் கொடியவர்களா? அல்லர். பலர் அஞ்சினர், பலர் தம்மவரைக் காத்தாற் போதும் என எண்ணினர். ஆனால் அயலானின் உரிமையை விலையாகக் கொடுத்து வாங்கும் பாதுகாப்பு நிலைப்பதில்லை. அதன் கடனை, அந்த வாக்கெடுப்பைக் கேள்விப்பட்டே இராத தாயின் மகன் தீர்க்கிறான்.

நவம்பரில் மரித்தோருக்காகச் செபிக்கையில் இவர்களையும் நினைப்போம். பிறருக்கு அநீதி நேர்கையில் நாம் காப்பது விவேகமான மௌனமா, உடந்தையான மௌனமா? இக்கேள்வியை நம் பிள்ளைகளோடு வீட்டில் பேசுவோம்.